சம்பந்தி வீட்டுப் பந்திக்கான கத்திரிக்காய் குறித்து

அணைக்கட்டு,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பின்.

கர்த்தருக்குப் பயந்தவரும், ஷூ கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் செக்கராக இருந்து ஒரு தையல் பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியவரும், வருகிற மாதம் எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிறவருமான ஆம்பூர் தயானந்தம் அவர்களுக்கு, அணைக்கட்டுக் கிருபானந்தம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஜெயபுஷ்பமும் மணப்பெண் ஜெனிஃபாவும் தேவகிருபையால் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை அபினேஷும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம். கத்திரிச் செடிகள்தான் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் செய்யாமலில்லை. ஒவ்வொரு முறையும் நான் "சம்பந்தி, அந்தக் கத்திரிக்காய் விஷயமா" என்று வாயைத் திறந்ததும், "அதத்தான் ஊரு பூரா சொல்லிகினு இருக்கேன் சம்பந்தி" என்று நீங்கள் பிடித்துக்கொள்கிறீர்கள். பிரியாணி மாஸ்டர் தானிஷ் பாய் என் காய்க்காகக் காத்திருக்கிறார், பாஸ்டர் ஐயா காத்திருக்கிறார், உங்களோடு கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் பஸ் பிடித்து வரப்போகிறார்கள் என்று சொல்லி, அப்படியே ஜெபத்துக்கும் போய்விடுகிறீர்கள். ஜெபத்தின் நடுவில் குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆமென் சொல்லி வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. பிரியாணியோடு கத்திரிக்காய்த் தொக்கு வைத்தோம். உங்கள் இலையில் விழுந்த துண்டில் ஒரு புழு. வெந்த புழுதான், ஆனாலும் புழு. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் சமையல்காரனைத் திட்டித் தப்பித்திருப்பேன். நீங்கள் விரலால் அதை மெதுவாக இலை ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, நாலு பேர் பார்க்கும்படி அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "சம்பந்தி, கல்யாணம் உங்க ஊர்ல, பந்தி உங்க பந்தி, ஆனா கத்திரிக்காய் மட்டும் என் நெலத்துக் காய். ஒரு புழு இருந்தா என்னைக் கேளுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்போது எங்கள் நிலத்தில் முள்ளுக் கத்திரி நாற்று நட்டு வேர்கூடப் பிடித்திருக்கவில்லை. ஜெயபுஷ்பம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

விவசாயத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்காதது உங்கள் பெருந்தன்மை. தோல் தொழிற்சாலையில் பினிஷிங் செக்ஷனில் ஸ்ப்ரே கன் பிடித்தே ரிட்டயர் ஆனவன் நான். பதம் போட்ட தோலைப் பலகையில் விரித்துவைப்பார்கள், நான் சாயம் அடிப்பேன், மேலே பளபளப்புக்கு ஒரு கோட்டு அடிப்பேன். என் கையில் ஒரு திட்டு விழாது, ஒரு சொட்டு வழியாது. ஆகவே செடிக்கு மருந்து அடிப்பதும் நம் கைவேலைதானே, இதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று நினைத்தேன். சம்பந்தி, அந்த நினைப்பு வந்த நாளிலிருந்துதான் எனக்குக் கஷ்டகாலம்.

செடியில் பூச்சி தெரிந்ததும் மெயின் ரோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் யாசிரிடம் போனேன். நல்ல பையன்தான், ஆனால் டாக்டரைவிட ஜாஸ்தி கேள்வி கேட்பான். "இன்னா பூச்சிண்ணா?" என்றான். "சின்னதா இருக்குது" என்றேன். "இன்னா கலர்?" "பூச்சி கலர்." "கடிக்குதா, உறிஞ்சுதா, தொளைக்குதா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும்போது பூச்சியின் சாப்பாட்டு முறையை நான் எதற்கு விசாரிக்க வேண்டும்? "பட்டா சாவணும், அது மாதிரி ஒண்ணு குடுப்பா" என்றேன். அவன் ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, "இது தொடு நஞ்சுண்ணா. பூச்சி மேல பட்டாத்தான் சாவும், படலைன்னா ஒண்ணும் ஆவாது" என்று படித்துப்படித்துச் சொன்னான். படுவதற்கு நான் பொறுப்பு என்று சொல்லி வாங்கி வந்தேன்.

அடித்தேன் பாருங்கள் சம்பந்தி, என் சர்வீஸில் அப்படி அடித்ததில்லை. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலைக்கும் இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒரு வீச்சு முந்தின வீச்சின் மேல் பாதி படும்படி, ஒரு துளி கீழே சிந்தாமல், நாற்பது சென்ட் நிலமும் எக்ஸ்போர்ட் குவாலிட்டியில் பளபளத்தது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பூச்சி குறையவில்லை. இன்னொரு முறை அடித்தேன், இன்னும் பளபளத்தது, பூச்சி இன்னும் ஜாஸ்தியானது. கடைக்குப் போய் "போலி மருந்து குடுத்து ஏமாத்திட்டியா" என்று யாசிரிடம் சண்டை பிடித்துவிட்டு வந்த பிறகுதான் ஜெயபுஷ்பம் களை எடுக்கக் குனிந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து குந்துங்க. நிக்காதீங்க, குந்திப் பாருங்க." குந்திப் பார்த்தேன். இலைக்கு அடியில் வெள்ளை ஈயும் அசுவினியும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றின் தலையில்கூட ஒரு சொட்டுப் படவில்லை. "நீங்க மேல மழ பெய்ய வெக்கிறீங்க. அதுங்க கீழ ஒதுங்கிகினு இருக்குதுங்க. அடியில அடிக்கக் கூடாதா?" என்றாள். "அடிப்பக்கம் யாராவது அடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டேன். வாயில் வந்துவிட்டது. தோலில் மேல்பக்கம்தான் முகம், சதைப்பக்கத்தில் ஸ்ப்ரே கன்னைக் காட்டினால் சூப்பர்வைசர் கையை உடைப்பார். அந்தப் பழக்கம் கைக்குள் ஊறிப்போயிருக்கிறது. "இது இலைங்க" என்றாள் அவள். மறுபடி களை எடுக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே அடியில் அடிக்க இறங்கினேன். முள்ளுக் கத்திரியின் இலையில் முள், தண்டில் முள், காயின் காம்பில் முள். அதற்கு அடியில் குனிந்து, முழங்கால் போட்டு, கடைசியில் ஏறக்குறையப் படுத்து மேல்நோக்கி அடித்தேன். மேல்நோக்கி அடித்தது எங்கே வரும்? என் மூஞ்சிக்கு வந்தது. காற்றும் எதிரே அடித்தது. கண் எரிந்து, தலை சுற்றி, வீட்டுக்கு வந்து படுத்தேன். ஜெனிஃபா நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். டூட்டி முடிந்து வந்தவள் என்னைக் குளிக்க வைத்து, கண்ணைக் கழுவிவிட்டு, சட்டையைத் தனியாக ஊறப்போட்டுவிட்டு, "தொடு நஞ்சுன்னா பூச்சிய மட்டும்தான் தொடும்னு நெனச்சீங்களாப்பா?" என்று கேட்டாள். அப்புறம் ஒரு மாஸ்க், ஒரு கண்ணாடி, முழங்கை வரைக்கும் ஒரு கையுறை எல்லாம் வாங்கிக் கொடுத்தாள். அதையெல்லாம் போட்டுக்கொண்டு நிலத்துக்குப் போனபோது எங்கள் வீட்டு நாயே என்னைப் பார்த்துக் குரைத்தது.

யாசிரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இதைவிடச் சக்தியுள்ளதாக வேண்டும் என்றேன். சாயத்தில் எப்படியோ மருந்திலும் சிவப்புக்குத்தான் வீரியம் ஜாஸ்தி என்று டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்டதாகப் பார்த்துக் கை நீட்டினேன். "கலர் பாத்து எடுக்காதண்ணா, அது உனக்கு எவ்ளோ ஆபத்துன்னு போட்டிருக்குது, பூச்சிக்கு இல்ல" என்று அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டான். இலையைப் பூச்சி சாப்பிடுகிறதா என்று கேட்டான். ஆமாம், சாப்பிடாமல் பின்னே பட்டினியா இருக்கிறது என்றேன். அப்படியானால் வயிற்று நஞ்சு கொடுக்கிறேன், இலையில் படிந்திருக்கும், இலையை மென்று தின்றால் வயிற்றுக்குப் போய் வேலை செய்யும் என்றான். மேலேயும் அடித்தேன், கீழேயும் அடித்தேன். அசுவினி அப்படியே இருந்தது, முன்பைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. மறுபடி போய் நின்றேன். நல்லவேளை, இந்த முறை ஜெயபுஷ்பம் ஒரு இலையைப் பறித்துக் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதைப் பார்த்ததும் யாசிர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ண்ணா, இது மெல்லற ஜாதியில்ல. ஸ்ட்ரா போட்டு சாறு உறிஞ்சற ஜாதி. எளநி மேல நீ இன்னா பூசினாலும் உள்ள இருக்கற தண்ணிக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றான். இதை அவன் முதல் நாளே கேட்டான் என்பதையும், நான்தான் பூச்சி கலர் என்று சொன்னேன் என்பதையும் அவன் நினைவுபடுத்தவில்லை. அவ்வளவு மரியாதை அவனுக்கு.

பிறகு ஊடுருவும் நஞ்சு என்று ஒன்று கொடுத்தான். வேரிலோ இலையிலோ போட்டால் செடி அதைக் குடித்துக்கொள்ளும், சாறு பூராவும் மருந்து ஓடும், உறிஞ்சுகிறது எதுவானாலும் உறிஞ்சின இடத்திலேயே நரம்பு இழுத்துக்கொண்டு விழும். எனக்கு ஒரே சந்தோஷம். மேலே கீழே என்ற பேச்சே இல்லை. இதை வீட்டில் சொன்னேன். ஜெயபுஷ்பம் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். "செடி பூரா ஓடும்னா, காய் மட்டும் இன்னா உபவாசமா?" என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடைக்கு ஓடினேன். யாசிரைக் கேட்டால், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் முடிகிற வரைக்கும் பறிக்கக் கூடாது, அதற்குத்தான் அச்சடித்திருக்கிறது, யாரும் படிப்பதில்லை என்றான். பிஞ்சுப் பருவத்திலேயே போட்டதால் அந்தச் சமயம் வந்த காயையெல்லாம் பறித்துக் குழிவெட்டிப் புதைத்தோம். பூச்சி செத்தது உண்மைதான். பூவுக்கு வந்துகொண்டிருந்த தேனீயும் கூடவே காணாமல் போனது. அதை யாரும் எனக்கு அச்சடித்துக் காட்டவில்லை, அல்லது நான் படிக்கவில்லை.

அசுவினி போய் நிம்மதியாக ஒரு வாரம் உட்காரவில்லை, செடியின் நுனியெல்லாம் தலை தொங்க ஆரம்பித்தது. காயில் குண்டூசி குத்தினாற்போல் ஓட்டை. இதுதான் சம்பந்தி, உங்கள் இலைக்கு வந்ததே அந்தப் புழு. அந்துப்பூச்சி முட்டை வைக்கிறது, முட்டை பொரிந்ததும் புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. அப்புறம் மேலே தொடு நஞ்சு அடித்தால் வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரிதான், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெளியே இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் பிடிக்க வேண்டும் என்று யாசிர் சொன்னான். அந்தக் கொஞ்ச நேரம் எது என்று புழு என்னிடம் சொல்லவில்லை. அதனால் பட்டதும் நரம்பு இழுத்து விழுகிற மாதிரி ஒரு மருந்தை வாங்கி, எல்லா நேரத்திலும் அடித்தேன். அடித்த மறுநாள் செடிக்கு அடியில் சிவப்பாகக் கறுப்புப் புள்ளி வைத்த வண்டுகள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. அப்பாடா, ஒழிந்தார்கள் என்று ஒரு டிபன் பாக்ஸ் நிறைய வாரிக்கொண்டு போய் யாசிர் மேஜையில் வைத்தேன். கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினான். "பொறிவண்டுண்ணா. இது நம்ம ஆளு. அசுவினியத் தின்றதே இதுதான்" என்றான். கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காவல்காரர்களைக் கொன்ற வீட்டில் யார் வருவார்கள்? செஞ்சிலந்தி வந்தது. அது பூச்சியே அல்லவாம், எட்டுக் காலாம், பூச்சிமருந்தில் சாகாதாம், சிலந்திக்கு வேறு மருந்தாம். எனக்குப் பேஜாராகிவிட்டது. இதற்கு நடுவில் வேப்பெண்ணெய் அடித்தேன். அது பூச்சியைக் கொல்லாது, பசியைக் கெடுத்துவிடும், சாப்பாட்டில் இஷ்டம் இல்லாமல் இளைத்துப் போகும் என்றார்கள். சோப்புக் கரைசல் கம்மியாகக் கலந்துவிட்டேன், எண்ணெய் தனியாக மிதந்து இலையெல்லாம் கருகியது. பூச்சியின் பசி என்ன ஆனதோ, அந்த நாற்றத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் பசியில்லை. அப்புறம் இன்னொன்று. இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்தது. புழு வளரும்போது பழைய தோலைக் கழற்றிப் புதுத் தோல் போட வேண்டுமாம். இந்த மருந்து பட்டால் புதுத் தோல் சரியாக உருவாகாமல், பாதி கழற்றின நிலையிலேயே செத்துப்போகுமாம். "யாசிரு, மொதல்லயே தோல் விஷயம்னு சொல்லியிருந்தா இத்தன நாள் அலைஞ்சிருக்க மாட்டேனே" என்றேன். முப்பது வருஷம் தோலில் இருந்தவனுக்குத் தோலில் ஒரு வழி பிறந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அதுவும் சின்னப் புழுவுக்குத்தானாம். என்னுடையவை எல்லாம் காய்க்குள் கடைசிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கடைசியாக யாசிர் ஒரு பொறி கொடுத்தான். அதில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும், அதில் பெண் அந்துப்பூச்சியின் வாசனை. ஆண் அந்துப்பூச்சிகள் பெண் பார்க்க வருவதாக நினைத்துக்கொண்டு பறந்து வந்து உள்ளே விழுந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் மாப்பிள்ளைகள் வரிசையாகக் கிடந்தார்கள். இதை நான் உங்கள் வீட்டு மாப்பிள்ளையை மனதில் வைத்துச் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அபினேஷ் தம்பி போன வாரம் நிலத்துக்கு வந்தபோது இது என்னவென்று கேட்டார். விளக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பொறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காபி குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் மனதில் ஏதாவது இருந்தால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதோடு என் முதுகு போய்விட்டது. சந்தேகமில்லாமல் போய்விட்டது. டேங்கைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு அடிக்கவில்லை. ஜெயபுஷ்பம் மட்டும் காலையில் போய் வாடின நுனிகளைக் கிள்ளி நெருப்பில் போடுகிறாள், ஓட்டை விழுந்த காயைப் பொறுக்குகிறாள், பொறியைக் கவனித்துக்கொள்கிறாள். செடி பச்சென்றுதான் இருக்கிறது, காய் நிறையத்தான் காய்க்கிறது, ஆனால் மூன்று காய் பறித்தால் ஒன்றில் ஓட்டை. நீங்கள் மூட்டையை அவிழ்த்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட ஒரு ரோல் போதாது.

சம்பந்தி, நான் இதை நகைச்சுவையாக எழுதுவதாக நினைக்காதீர்கள். எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன், அதை நீங்கள் இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். நான் தலைகுனிந்தால் பரவாயில்லை, தலைகுனிந்து பழக்கமானவன்தான். ஜெனிஃபா உங்கள் வீட்டில் வாழ வேண்டியவள். அடுப்படியில் அவள் கத்திரிக்காய் நறுக்கும்போதெல்லாம் "உங்கப்பா அன்னிக்கு இன்னா சொன்னாரு" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது அவள் ஆயுசுக்கும் போகாது. உங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள் அல்லவா? தூக்கம் வராமல் இதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆகையால் என் வாக்கை வாபஸ் வாங்குகிறேன். என் காய் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு சொல்கிறேன். என் நிலத்துக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் நவநீதன் நிலம். தலைமுறை விவசாயி, அதே முள்ளுக் கத்திரி. ஆனால் அந்தக் காயைப் பார்க்க வேண்டும் சம்பந்தி! ஒரு ஓட்டை, ஒரு கீறல், ஒரு திட்டு கிடையாது. தினம் காலையில் மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. நான் வரப்பில் நின்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த நிலம்தானே, நம் நிலத்துக் காய் என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் மரியாதையும் காப்பாற்றப்படும். இன்று சாயந்திரம் அவரிடம் பேசிவிடுகிறேன், மறுக்க மாட்டார். தானிஷ் பாயிடமும் பாஸ்டர் ஐயாவிடமும் நான் தோற்றுப்போனதைச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் மனதுக்கே விடுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரத்தையும், ஜெயபுஷ்பத்தின் அன்பையும் சொல்லவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், காபி குடிக்காமல் போனதற்கு எங்கள் வருத்தம். கர்த்தர் இரு வீட்டுப் பந்தியையும் குறைவில்லாமல் நடத்தித் தருவாராக.

தங்கள் கீழ்ப்படிந்த,
அ. கிருபானந்தம்.

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதில் என் வாக்கை வாபஸ் வாங்கின பகுதியைத் தயவுசெய்து அடித்துவிடவும். உறையை ஒட்டுவதற்கு முன் நவநீதனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று வரப்பைத் தாண்டிப் போனேன். மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். காய் ஒவ்வொன்றும் மெழுகு தேய்த்தாற்போல் இருந்தது. கல்யாணப் பந்திக்கு உங்கள் காய்தான் வேண்டும் என்றேன். கோணி ஊசியை அப்படியே நிறுத்திவிட்டார்.

"யாரு கல்யாணத்துக்கு சார்?"

"நம்ம ஜெனிஃபா கல்யாணத்துக்குத்தான்."

"அப்ப இது வோணாம் சார்."

"ஏன், காய் நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. நேத்து சாயந்திரந்தான் மருந்து அடிச்சேன். டப்பால போட்ட நாளு விட்டுப் பறிச்சா ஓட்ட வுழுந்துடுது, ஒரு ஓட்ட இருந்தா மண்டியில மூட்டையோட திருப்பி அனுப்பறாங்க. நா இன்னா சார் பண்றது? அவங்களுக்கு பளபளன்னு வோணும்."

அவர் என் கையைப் பிடித்துக் கிணற்றோரம் கூட்டிப்போனார். அங்கே தனியாக நாலு வரிசைச் செடி. அதில் அவர் மருந்தே அடிப்பதில்லை. "எங்க ஊட்டுக்கு இதத்தான் பறிக்கிறோம். பாப்பா கல்யாணத்துக்கும் இதுல எடுத்துக்குங்க" என்றார். குனிந்து பார்த்தேன். என் செடியில் எத்தனை ஓட்டையோ அதே அளவு ஓட்டை. அப்புறம் என் நிலத்தைக் காட்டி, "பத்தலைன்னா உங்க காய் இருக்குதே சார். ஒரு மாசமா நீங்க டேங்க தொடலியே, நா பாத்துகினுதான இருக்கேன். நல்லாருக்குது" என்றார். இந்த வருஷம் முழுக்க என் கத்திரிக்காயை ஒருவர் நல்லா இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

ஆகவே என் காயும் நவநீதன் வீட்டுக் காயும் கலந்து முந்தின நாள் சாயந்திரமே ஆம்பூர் வந்து சேரும். நானும் ஜெயபுஷ்பமும் அரிவாள்மனையோடு கூடவே வருகிறோம். நறுக்குவதற்கு உங்கள் பக்கத்திலிருந்தும் நாலு பேரைச் சொல்லிவையுங்கள், ஒவ்வொரு காயையும் பிளந்து பார்த்து, புழு இருந்த பக்கத்தைக் கழித்துவிட்டு உப்புத் தண்ணீரில் போடலாம். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் நானே எழுந்து நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மூட்டையை அவிழ்க்கும்போது ஓட்டையே இல்லாமல் பளபளவென்று காய்கள் இருந்தால், தயவுசெய்து சமைக்க வேண்டாம் சம்பந்தி. வண்டிக்காரன் மூட்டையை மாற்றிவிட்டான் என்று அர்த்தம்.